இரண்டு கோடு முன்னால்

மனைவி வீட்டை விட்டுப் போய் அன்றோடு இருபத்திரண்டு நாள்.

மெக்கானிக் எண்ணவில்லை. மகள்தான் எண்ணிக்கொண்டிருந்தாள். காலையில் பல் தேய்த்த கையோடு வந்து, சுவர்க் காலண்டரில் ஒரு கட்டத்தின் குறுக்கே கோடு கிழித்துவிட்டுப் போவாள். பேனா தாளைக் கீறும் சத்தம் மட்டும் சமையலறை வரை கேட்கும்.

சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. சமாதானம் பேச ஒரு நுனி கிடைத்திருக்கும். நடந்தது இவ்வளவுதான். மகளுக்குப் பத்தொன்பதாவது பிறந்தநாள். மேசையைச் சுற்றிப் பதினோரு பேர், நடுவில் கேக். கத்தி பட்டதும் மேல்தோல் கரித்துண்டாக உடைந்தது. உள்ளே பச்சை மாவு கொழகொழவென்று நின்றது. எல்லோரும் சிரித்தார்கள். ஒன்பது வருடமாகச் சிரிக்கிற அதே சிரிப்பு. மெக்கானிக்கும் ஒன்பது வருடமாகச் சொல்கிற அதே வாக்கியத்தைச் சொன்னார்.

"எங்க அக்கா கை வேற. அது எல்லாருக்கும் வந்துடாது."

மனைவி கேக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குப்பையில் கொட்டினாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். மறுநாள் ஒரு பெட்டியோடு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த வாரம் ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்ததாக மகள் வந்து சொன்னாள்.

"பேக்கரியிலயா?" என்று மெக்கானிக் சிரித்துவிட்டார். மகள் இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை.

அன்று காலை எட்டு மணிக்கே போன் வந்தது. ஓவன் பழுது. மெக்கானிக் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கைக்கு எட்டிய நோட்டைத் திறந்து, ஒரு தாளைச் சர்ரென்று கிழித்து முகவரியை எழுதினார்.

"அப்பா! அது என் பரீட்சை நோட்டு!"

"பாதித் தாள்தானே கிழிச்சேன்."

"அந்தப் பாதியில தவளை இருந்துச்சு. ஒரு மணி நேரம் உக்காந்து வரைஞ்சேன். இப்போ இங்க வயிறு இருக்கு, கால் உன் பாக்கெட்ல இருக்கு."

"வந்ததும் தர்றேன் வாலு, ஒட்டிக்கோ."

"இந்த வீட்ல முழுசா ஒரு நோட்டு இருக்கா சொல்லு? எதைத் திறந்தாலும் ஒரு பக்கம் குறையும். எல்லாம் யார் வீட்டு அட்ரஸாவோ போயிருக்கும்."

அவர் சீட்டைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு செருப்பை மாட்டினார். மகள் வாசல்வரை வந்தாள்.

"அம்மாவுக்கு பேக்கரி மாடியில ஒரு ரூம் கிடைச்சிருக்கு. இன்னைக்குச் சாவி வாங்குறா."

"ரூம் எதுக்கு? உங்க சித்தி வீடு இருக்கே."

"சித்தி வீட்ல இருந்தா விருந்தாளிப்பா. ரூம் எடுத்தா குடித்தனம்." மகள் கதவுத் தாழ்ப்பாளை மேலும் கீழும் ஆட்டினாள். "அந்தப் பூட்டைத் திறந்துட்டா அவ்வளவுதான். அம்மா எதையும் பாதியில விடமாட்டா. உனக்கே தெரியும்."

"நான் என்ன சொல்லணுங்கற?"

"அதைத்தான் நானும் இருபத்திரண்டு நாளா யோசிக்கிறேன். என்ன தப்பு பண்ணினேன்னு உனக்கே தெரியலையே. தெரியாம எப்படி மன்னிப்புக் கேப்ப?"

அவர் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

பழுது மூன்றாம் மாடியில். கதவைத் திறந்த பெண்மணிக்கு அறுபது இருக்கும். நாற்காலியில் அவளுடைய கணவர், பேப்பருக்குப் பின்னால்.

"பின்பக்கம் தீய்ஞ்சு போகுது தம்பி. முன்பக்கம் வேகவே மாட்டேங்குது. தட்டைத் திருப்பித் திருப்பி வச்சுப் பாத்துட்டேன்."

"மெஷின்ல ஒண்ணும் இருக்காது," என்றது பேப்பர். "டிரைவர் சரியில்ல."

இப்படிப்பட்ட பேப்பர்களை மெக்கானிக் நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறார். முட்டி போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து முகவரிச் சீட்டை எடுத்து, ஓவன் கதவிடுக்கில் பாதியை விட்டுக் கதவைச் சாத்தினார். இழுத்தார். சீட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. நாலு இடத்தில் அப்படியே செய்தார். மேல் ஓரத்தில் மட்டும் பிடித்தது. மற்ற மூன்றிலும் பிடிப்பே இல்லை.

"பாத்தீங்களாம்மா? சீட்டைக் கதவு கவ்வணும். கவ்வல. ரப்பர் காய்ஞ்சு போச்சு. முன்பக்கச் சூடெல்லாம் இந்த இடுக்கு வழியா வெளியே போயிடுது. முன்னாடி வேகலையேன்னு நீங்க நேரத்தைக் கூட்டுறீங்க, பின்னாடி தீயுது."

பிறகு தொழிலில் எல்லா வீட்டிலும் கடைசியாகச் சொல்கிற வாக்கியத்தைச் சொன்னார். வாய் தானாகச் சொன்னது.

"தப்பு உங்க கை மேல இல்லம்மா."

பெண்மணி பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

"கேட்டுச்சா?" என்றாள் பேப்பரிடம்.

பேப்பர் ஒரு பக்கம் புரண்டது.

"தம்பி, இப்போ சொன்னீங்களே, அதை ரசீதுல எழுதிக் குடுப்பீங்களா?"

"எதைம்மா?"

"தப்பு கை மேல இல்லன்னு."

அவர் எழுதிக் கொடுத்தார். 'கதவு ரப்பர் மாற்றப்பட்டது' என்பதற்குக் கீழே அதற்கென்று ஒரு வரி. பெண்மணி அதை இரண்டு முறை படித்துவிட்டு மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"உங்க வீட்டம்மா குடுத்து வச்சவங்க," என்றாள். "வீட்லயே மெக்கானிக். ஓவன்ல ஒரு கோளாறும் வராது."

படியில் இறங்கும்போது மெக்கானிக்கின் கால் இரண்டாம் மாடியிலேயே நின்றுவிட்டது.

இருபத்தைந்து வருடத் தொழில். எத்தனையோ சமையலறைகளில் முட்டி போட்டு அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார். தன் வீட்டு ஓவன் முன்னால் ஒருநாளும் முட்டி போட்டதில்லை. அதில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்ததில்லை. ஏன் பார்க்கவில்லை என்று யோசித்தார். பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. கோளாறு எங்கே இருக்கிறது என்பதுதான் அவருக்குத் தெரியுமே.

அடுத்த இரண்டு வேலையை நாளைக்குத் தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

ஓவனைப் போட்டதும் அதன் மேல் விளக்கு எரிந்தது. உள்ளிருக்கும் விசிறி ஓடியது. கதவிடுக்கு சீட்டைக் கவ்வியது. நடுத்தட்டின் நடுவில் தெர்மாமீட்டரை வைத்தார். குமிழை நூற்றெண்பதுக்குத் திருப்பினார். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் அந்தக் குமிழைத் தொழிலில் நாப் என்பார்கள். முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

இருபது நிமிடம். கண்ணாடி வழியாகப் பார்த்தார். இருநூற்றிருபது.

அவசரப்படக் கூடாது. ஓவன் என்றால் சூடு ஏறும், அணையும், இறங்கும், மறுபடி ஏறும். இன்னும் இருபது நிமிடம் இருந்தார். இருநூற்றுப் பதினைந்துக்கும் இருநூற்று இருபத்தைந்துக்கும் நடுவில் முள் ஆடியது. அதற்குக் கீழே வரவில்லை.

நாற்பது டிகிரி அதிகம். குமிழைச் சுற்றியுள்ள கோடுகளில் இரண்டு கோடு.

அந்தச் சூட்டில் எந்தக் கேக்கும் மேலே கருகும். உள்ளே வேகாது. எடுத்து வைத்ததும் நடுவில் பள்ளம் விழும். இதை வேறு யார் வீட்டிலாவது பார்த்திருந்தால் செருப்பைக் கழற்றும்போதே சொல்லியிருப்பார்.

ஓவனை அணைத்தார். குமிழைப் பிடித்து இழுத்தார். இறுகிப் போயிருந்தது. ஆட்டி ஆட்டி இழுத்ததும் கையோடு வந்தது. திருப்பிப் பார்த்தார்.

உள்ளே பசை கட்டியாக உறைந்திருந்தது. நடுவில் ஆட்டம் நிற்பதற்காகச் செருகிய செப்புத் தகடு. தகட்டின் ஒரு மூலை மடிக்கப்பட்டிருந்தது. தகட்டை அப்படி மடிப்பவர் ஒருவர்தான் உண்டு. அவரேதான்.

பதினான்கு வருடத்துக்கு முன்னால். அப்போது இது அக்கா வீட்டு ஓவன். குமிழ் உடைந்துவிட்டது. கடையின் பழைய சாமான் குவியலிலிருந்து வேறொரு ஓவனின் குமிழைத் தேடி எடுத்துப் போய், தகடு செருகி, பசை வைத்து அழுத்தினார். பசை காய்ந்த பிறகுதான் தெரிந்தது, எண்ணைக் காட்டும் முனை தள்ளி நிற்கிறது என்று. அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது.

"அக்கா, நம்பரைப் பாக்காத. எந்த நம்பர் வேணுமோ, அதுக்கு ரெண்டு கோடு முன்னாடியே நிறுத்து. அடுத்த தடவை வர்றப்போ சரி பண்ணித் தர்றேன்."

அடுத்த தடவை போனார். சாப்பிட்டார். கேக் பிரமாதம் என்றார். குமிழை மறந்துவிட்டார்.

ஐந்து வருடம் கழித்து அக்கா சின்ன வீட்டுக்கு மாறினாள். ஓவனையும், தன் கைப்பட எழுதிய கேக் நோட்டையும் தம்பி வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். நோட்டில் எல்லாக் கேக்குக்கும் உண்மையான சூடு எழுதியிருந்தது. நூற்றெண்பது. நூற்று அறுபது. மனைவி அந்த எண்ணைக் குமிழில் தேடி வைத்தாள். ஒன்பது வருடம் வைத்தாள்.

ஒரு முறை அவள் கேட்டதும் இப்போது ஞாபகம் வந்தது. மாவுக் கையை ஒட்டாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சமையலறை வாசலில் நின்று.

"என்னங்க, இதுல நூத்தியெண்பதுன்னு போட்டிருக்கு. கொஞ்சம் குறைச்சு வச்சுப் பாக்கட்டா?"

"அக்கா எழுதினதை மாத்தாத. எழுதினபடி செய்," என்றார் அவர். தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என்னப்பா, வேலைக்குப் போகல?" மகள் வந்து நின்றாள்.

அவர் சொன்னார். குமிழைக் காட்டிச் சொன்னார். நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. ஒன்பது வருடம் நாலு வாக்கியத்தில் முடிவது அவருக்கே பிடிக்கவில்லை.

மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ அம்மாகிட்ட ஒண்ணுமே தப்பில்லையா?"

"இல்ல."

"நானும்தான் சிரிச்சேன்," என்றாள் மகள். "ஒவ்வொரு வருஷமும் நான்தான் முதல்ல சிரிப்பேன்."

மகள் ஓவனை நிமிர்ந்து பார்த்தாள். குமிழ் இருந்த இடத்தில் ஒரு சின்ன இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது.

"போய்ச் சொல்லு. போன்ல சொல்லாத. நேர்ல போ. இதைக் கையில குடுத்துட்டு நடந்ததை மட்டும் சொல்லு. சமாதானமெல்லாம் பேசாத. நீ சமாதானம் பேசினா இருக்கிறதும் கெட்டுரும்."

பேக்கரியின் பின்கட்டில் அனல் அடித்தது. ஆள் உயர ஓவன் மூன்று. மனைவி தலையில் துணித்தொப்பி, முழங்கை வரை மாவு. அவரைப் பார்த்தாள். அவர் தோளில் இருந்த பையைப் பார்த்தாள்.

"எந்த ஓவன் கெட்டுப்போச்சு? யாரும் உங்களுக்குப் போன் பண்ணலையே."

"நம்ம வீட்டு ஓவன்."

"விளக்கு எரியலையா?"

அவர் பார்வை அவளைத் தாண்டிப் போனது. சுவரோரம் அடுக்குத் தட்டுகளில் கேக்குகள் ஆறிக்கொண்டிருந்தன. மேலே சமமாக, தேன் நிறத்தில். எதிலும் பள்ளம் இல்லை.

"நீ பண்ணினதா?"

"எல்லாம். முதல் நாள்லருந்து." அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "மாஸ்டர் நூத்தியெண்பதுல வைன்னார். வச்சேன். வந்துடுச்சு. எல்லாரும் நல்லா இருக்குன்னாங்க. நான் பாத்ரூம்ல போய் உக்காந்து அழுதேன். சந்தோஷத்துல இல்ல."

அவர் குமிழை எடுத்து மேசைமேல் வைத்தார். மகள் சொன்னபடியே நடந்ததை மட்டும் சொன்னார். பசை, தகடு, இரண்டு கோடு, அக்காவிடம் சொன்னது, அவளிடம் சொல்லாதது.

அவள் குமிழைத் திருப்பிப் பார்த்தாள். பசையை நகத்தால் கீறினாள்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"மறந்துட்டேன்."

"சரி. மறந்தீங்க. மனுஷன் மறப்பான். ஒன்பது வருஷத்துல ஒரு தடவை குனிஞ்சு பாத்திருக்கலாமே? ஊர்ல இருக்கிற அத்தனை ஓவன் முன்னாடியும் குனியறீங்க."

"ஓவன்ல கோளாறு இருக்கும்னு நெனைக்கல."

"வேற எங்க இருக்கும்னு நெனச்சீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "உன் கையில."

"ஆமா," என்றாள் அவள். "நானும் அப்படித்தான் நெனச்சேன். உங்களைக்கூட விட்டுடலாம். நானே என்னை அப்படி நெனச்சுக்கிட்டேன் பாருங்க, அதுதான் ஆறமாட்டேங்குது."

ஏப்ரன் பையில் கையை விட்டு ஒரு சாவியை எடுத்தாள். குமிழுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மத்தியானமே வாங்கிட்டேன். இன்னும் போய்த் திறக்கல. ஏன்னு தெரியல, கையிலயே வச்சுக்கிட்டு இருக்கேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மகள் சொன்னது ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டார்.

"அன்னைக்கு மேசையில பதினோரு பேர் இருந்தாங்க," என்றாள் மனைவி. "இதை என்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனா எப்படி? நாளைக்கு நான் வந்து நல்ல கேக் பண்ணினா, 'ஒருவழியா கத்துக்கிட்டா'ம்பாங்க. முதல்ல அண்ணிகிட்ட சொல்லுங்க. இப்போ. நான் கேக்கணும்."

அவர் அக்காவைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார்.

"டேய் தம்பி, சாப்ட்டியா? அவ வந்துட்டாளா?"

"அக்கா, அந்த ஓவன் நாப்..."

"எந்த நாப்?"

"நான் ஒட்டிக் குடுத்தேனே. ரெண்டு கோடு தள்ளி."

"ஆமா, அதுக்கென்ன இப்போ?"

"அதை நான் இவகிட்ட சொல்லவே இல்லக்கா. ஒன்பது வருஷமா உன் நோட்ல இருக்கிற நம்பரை அப்படியே வச்சிருக்கா. தப்பு இவ கை மேல இல்ல." ஆயிரம் வீட்டில் சொன்ன வாக்கியம். "என் மேல."

பின்கட்டு ஓவன் ஒன்று டிங் என்று அடித்து ஓய்ந்தது. மனைவி திரும்பவில்லை. அவளுடைய ஒரு கை சாவியை விட்டு விலகி, குமிழின் பக்கம் வந்திருந்தது.

"நீ சொல்லலன்னா என்னடா," என்றாள் அக்கா மெதுவாக. "நான்தான் எழுதிக் குடுத்தேனே."

"என்னது?"

"நோட்டோட முதல் பக்கத்துல. சிவப்பு மையில, பெருசா. 'நாப் தள்ளி இருக்கு, எப்பவும் ரெண்டு கோடு முன்னாடி வைம்மா'ன்னு அவளுக்குன்னே எழுதினேன். படிச்சிட்டும் அவ இஷ்டத்துக்குச் செய்யறான்னு நெனச்சேன்டா. நாம ஏன் வாயைக் குடுக்கணும்னு விட்டுட்டேன். ஐயோ, அன்னைக்கு நானும் சிரிச்சேனே."

மனைவி போனை நோக்கிக் குனிந்தாள்.

"அண்ணி, நான்தான் பேசறேன். நோட்டு வெண்ணெய் கேக்லதான் ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி ஒண்ணும் இல்ல."

"இருக்கும்மா. முதல் பக்கம். நல்லாப் பாரு."

மனைவி நிமிர்ந்தாள். அவள் பார்வை அவர் முகத்துக்கு வரவில்லை. சட்டைப் பைவரை வந்து நின்றது.

பைக்கு மேலே காலையில் கிழித்த சீட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு ஓரம் நேராக. மறு ஓரம் பல்லுப் பல்லாக.

அவள் அதை இரண்டு விரலால் உருவினாள். ஒரு பக்கம் முகவரி. திருப்பினாள். மறுபக்கம் தவளைக் கால். கவனமாக வரைந்த, விரல்களுக்கு நடுவில் சவ்வு உள்ள கால். மேசையில் வைத்து நீவிவிட்டாள்.

"எந்த வீட்டு அட்ரஸ்?"

இந்தச் சீட்டைப் பற்றி அவள் கேட்கவில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

யோசித்தார். ஒன்பது வருடத்துக்கு முன்னால், வந்து இறங்கிய சாமான்களுக்கு நடுவில், தோளில் போனை இடுக்கிக்கொண்டு, கைக்கு எட்டிய அக்கா நோட்டின் முதல் தாள். ஏதோ ஒரு வீடு. ஏதோ ஒரு ஓவன். யாரிடமோ போய் உங்கள் கை மேல் தப்பில்லை என்று சொல்லியிருப்பார்.

"ஞாபகம் இல்ல," என்றார்.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?" என்றாள் அக்கா.

மனைவி சாவியை எடுத்தாள். ஒரு கணம் நின்றாள். குமிழையும் எடுத்தாள். இரண்டையும் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

"அந்தச் சீட்டைப் பிள்ளைகிட்ட குடுத்துடுங்க. பரீட்சை வருது."

பின்வாசல் வழியாகப் படி ஏறினாள். அவர் அங்கேயே நின்றார். தலைக்கு மேல் காலடி கேட்டது. நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு பூட்டுத் திறக்கும் சத்தம்.

வீட்டில் மகள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் எதையும் கேட்காமல் நகர்ந்து வழிவிட்டாள். அவர் சீட்டை நீட்டினார்.

"தவளைக் கால்."

வாங்கிக்கொண்டாள். அவர் உட்கார்ந்து, முதல் பக்கத்தைப் பற்றியும் சொல்லி முடித்தார். மகள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"நாப் எங்க?"

"அம்மா எடுத்துக்கிட்டா."

"எதுக்கு? அந்த ரூம்ல ஓவன் கிடையாது. நான் போய்ப் பாத்தேன், ஒரு ஸ்டவ்தான்." மகள் சீட்டின் கிழிந்த ஓரத்தை விரலால் தடவினாள். "ஓவன் இல்லாத இடத்துல நாப் எதுக்குப்பா?"

அவர் சமையலறைக்குப் போய்ப் பையைத் திறந்து, ஓவன் முன்னால் விட்டுப்போன ஸ்க்ரூ டிரைவரை உள்ளே வைத்தார். அடியில் ஒரு டப்பா. அதில் பதினேழு குமிழ்கள் இருந்தன. ஒன்று இந்த ஓவனுக்கு அச்சாகப் பொருந்தும். ஐந்து நிமிட வேலை.

குமிழ் இல்லாத கம்பியை அப்படியே விட்டுவிட்டு அவர் டப்பாவை மூடினார்.